ஆண்டுக்கு 764 ஜெட்: வணிக ஜெட் சந்தையின் கணக்கை எப்படிப் படிப்பது

யாழ்ப்பாணத்தில் முகாமைத்துவம் படிக்கும் மாணவர் ஒருவர் தன் ஆய்வுக் கட்டுரைக்காக மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறார். உலகில் ஆண்டுக்கு எத்தனை வணிக ஜெட் விமானங்கள், அதாவது நிறுவனங்களும் தனியாரும் தம் பயணத்துக்கு வைத்திருக்கும் 'பிஸ்னஸ் ஜெட்'கள், செய்யப்படுகின்றன? அடுத்த பத்து ஆண்டுகளில் இந்தச் சந்தை எப்படி இருக்கும்? இந்த விமானங்களில் எவை யாழ்ப்பாண விமானநிலையமான பலாலிக்கு வரக்கூடியவை? இரண்டாவது கேள்விக்கு முன்னறிவிப்பு அறிக்கைகளில் வரும் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டால் கட்டுரை பிழைத்துவிடும். அதனால் அந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

2024இல் உலகம் முழுவதும் கையளிக்கப்பட்ட வணிக ஜெட்கள் 764. அதற்கு முந்திய ஆண்டு 730. இந்தக் கணக்கைத் தொகுப்பது அமெரிக்காவிலுள்ள பொது விமானத் தயாரிப்பாளர் சங்கமான காமா. காலாண்டுக்கு ஒரு தடவை அறிக்கை வரும், முழு ஆண்டுக் கணக்கு அடுத்த பெப்ரவரியில் வரும். பிஸ்டன், டர்போபுரொப், ஜெட் எல்லாம் சேர்ந்த 2024இன் விமான விற்பனைப் பெறுமதி 26.7 பில்லியன் டொலர். அந்த ஆண்டு 1,700க்கு மேற்பட்ட பிஸ்டன் விமானங்களும் விற்கப்பட்டன. ஆனால் பணத்தின் பெரும்பங்கு அந்த 764 ஜெட்களிடமிருந்தே வந்தது.

யார் எத்தனை என்று பார்த்தால், செஸ்னா சைட்டேஷன் வகைகளைச் செய்யும் டெக்ஸ்ட்ரன் 151, பொம்பார்டியர் 146, கல்ஃப்ஸ்ட்ரீம் 136, எம்ப்ராயர் 130, சிரஸ் 101, பிலாட்டஸ் 51, டசோ 31. மிச்சம் ஹொண்டாவும், பயணிகள் விமானத்தைத் தனியார் பாவனைக்கு மாற்றி விற்கும் ஏர்பஸ், போயிங்கும். இந்த வரிசையைப் பார்த்துவிட்டு டெக்ஸ்ட்ரன் முதலிடம் என்று எழுதுபவர்கள் பலர். அது பாதி உண்மைதான். சிரஸின் ஒற்றை எஞ்சின் விஷன் ஜெட் மூன்று மில்லியன் டொலர் சொச்சத்துக்குக் கிடைக்கும். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி700, பொம்பார்டியர் குளோபல் 7500 இரண்டும் 75 மில்லியனுக்கு மேல். ஒரு ஜி700இன் விலைக்கு இருபதுக்கு மேற்பட்ட விஷன் ஜெட் வாங்கலாம், ஆனால் எண்ணிக்கைக் கணக்கில் இரண்டும் ஒன்று ஒன்றுதான். ஆகவே கட்டுரையில் எண்ணிக்கை அட்டவணை போட்டால் பக்கத்திலேயே பெறுமதி அட்டவணையும் கட்டாயம் போடுங்கள். பெறுமதியில் கல்ஃப்ஸ்ட்ரீமும் பொம்பார்டியரும் மற்ற எல்லாரையும் விட்டுத் தூரத்தில் நிற்கின்றன.

அடுத்து, 'கையளிப்பு' என்ற எண் எதைக் குறிக்கிறது என்பது. பெரிய ஜெட் ஒன்று இரண்டு கட்டங்களாக உருவாகிறது. முதலில் உடல், இறக்கை, எஞ்சின், பறப்புக் கருவிகள் எல்லாம் பொருத்திப் பறக்கக்கூடிய நிலைக்கு வரும். இந்த நிலையில் உள்ளே இருக்கை இல்லை, வெளியே வர்ணம் இல்லை. பச்சைப் பூச்சோடு நிற்பதால் தொழிலில் இதைக் 'கிரீன்' விமானம் என்பார்கள். கூரை போட்டுக் கதவு பூட்டிய, ஆனால் பூச்சும் தளபாடமும் இல்லாத வீடு போல. பிறகு அது உள்ளக வேலைக்குப் போகும். குளோபல் வகைகள் ரொறன்ரோவில் பொருத்தப்பட்டு மொன்றியலில் உள்ளகம் செய்யப்படும். டசோ ஃபல்கன் பிரான்சின் மெரிஞாக்கில் பொருத்தப்பட்டு அமெரிக்காவின் லிற்றில் ரொக்குக்குப் பறந்து போய் முடிக்கப்படும். இருக்கை, சமையலறை, கழிவறை, மரவேலை என்று இந்தக் கட்டம் மாதக்கணக்கில் எடுக்கும். வாங்குபவர் கடைசி நேரத்தில் மரத்தின் நிறத்தை மாற்றினாலும் தாமதம், இருக்கை வழங்குநர் தீப்பற்றல் சோதனைச் சான்றிதழைப் பிந்தித் தந்தாலும் தாமதம். தொழிற்சாலையில் இந்த ஆண்டு செய்து முடித்த விமானம் அடுத்த ஆண்டுக் கணக்கில் விழுவது இதனால்தான். உற்பத்தி என்ற சொல்லையும் கையளிப்பு என்ற சொல்லையும் கட்டுரையில் ஒன்றாகப் பாவிக்காதீர்கள்.

காலாண்டுக் கணக்கை நான்கால் பெருக்குவது இன்னொரு பொதுப் பிழை. ஒரு வருடக் கையளிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் நடக்கும். வாங்குபவர்கள் வருட முடிவுக்குள் விமானத்தைப் பொறுப்பேற்றால்தான் அந்த வருட வரியில் கழிக்கலாம், விற்பவர்கள் வருடக் கணக்கை மூடவேண்டும். முதற் காலாண்டு எப்போதும் மெலிந்தே இருக்கும். இந்த மார்ச்சை முந்திய டிசம்பரோடு ஒப்பிட்டுச் 'சந்தை விழுந்துவிட்டது' என்று வரும் செய்திகளைப் பொருட்படுத்த வேண்டாம். முந்திய வருட மார்ச்சோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இப்போது நீண்ட கால வரலாறு. 2008இல் 1,317 ஜெட்கள் கையளிக்கப்பட்டன. அந்த உச்சத்தை உலகம் இதுவரை திரும்பத் தொடவில்லை. 2009இல் 874, 2010இல் 767, 2012இல் 672 என்று இறங்கி, அதன்பின் ஆறு வருடங்கள் 650க்கும் 725க்கும் இடையிலேயே நின்றது. 2019இல் 809 வரை ஏறியது. 2020இல் கொவிட் 644க்குத் தள்ளியது. பிறகு 710, 712, 730, 764.

2008இன் உச்சத்தை அப்படியே நம்பவும் கூடாது. அந்த 1,317இல் 161 விமானங்கள் எக்ளிப்ஸ் 500 என்ற மிகச் சிறிய ஜெட்கள். அந்த நிறுவனம் அதே வருடம் நவம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இன்னும் பல ஓடர்கள், விமானத்தைப் பறக்க அல்ல, கையளிப்புத் திகதியை இலாபத்துக்கு விற்கவே போடப்பட்டவை. கடன் வற்றியதும் அந்த ஓடர்கள் ஒரே நேரத்தில் விழுந்தன. தொழிற்சாலைகளோ வாங்க ஆளில்லாத விமானங்களைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தன. 2009இல் உலகிலிருந்த மொத்த ஜெட்களில் 17 வீதத்துக்கு மேல் விற்பனைக்கு நின்றன. பாவித்த ஜெட் பாதி விலைக்குக் கிடைக்கும்போது புதியதை யார் வாங்குவார்? அந்தக் காயம்தான் இன்றைய முகாமையாளர்களை நிதானமாக நடக்க வைக்கிறது. இன்று தேவை 2008 அளவுக்கு இருந்தாலும் எந்த நிறுவனமும் அவ்வளவு செய்யத் துணிவதில்லை. என் பார்வையில் இந்தச் சந்தையின் இன்றைய பலமே இந்தக் கட்டுப்பாடுதான்.

ஆனால் கட்டுப்பாடு மட்டும் காரணம் இல்லை, செய்ய நினைத்தாலும் பாகங்கள் வருவதில்லை. கல்ஃப்ஸ்ட்ரீம் 2024க்கு முதலில் சொன்ன இலக்கு 160 ஜெட், கையளித்தது 136. ஜி700 விமானத்துக்கான அமெரிக்கத் தகுதிச் சான்றிதழ் 2024 மார்ச் 29 அன்றுதான் கிடைத்தது. 2023இல் கையளிக்க இருந்த விமானங்கள் சான்றிதழுக்காகத் தரிப்பிடத்தில் வரிசையாக நின்றன. 2023இல் அந்த நிறுவனம் 111இல் நின்றதற்கு முக்கிய காரணம் அது. டெக்ஸ்ட்ரன் 168இலிருந்து 151க்கு இறங்கியது தேவை குறைந்ததால் அல்ல. 2024 செப்டம்பர் கடைசியிலிருந்து அதன் அமெரிக்கத் தொழிற்சாலை நகரான விச்சிற்றாவில் தொழிலாளர்கள் சுமார் நான்கு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். வருடத்தின் மிகப் பரபரப்பான காலாண்டின் வாசலில் தொழிற்சாலை நின்றுபோனது. ஒரு நிறுவனத்தின் எண்ணிக்கை குறைந்தால் முதலில் சான்றிதழ், வேலைநிறுத்தம், எஞ்சின் இந்த மூன்றையும் விசாரியுங்கள். வாங்குபவர் குறைந்தார்களா என்று பார்ப்பது அதற்குப் பிறகு.

எஞ்சின் விஷயம் தனியாகச் சொல்லவேண்டியது. பொம்பார்டியர் சலஞ்சர் 350, எம்ப்ராயர் பிரேட்டர், கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி280, சைட்டேஷன் லொங்கிட்டியூட் ஆகிய நான்கும் வெவ்வேறு நிறுவனங்களின் போட்டி விமானங்கள். நான்கிலும் இருப்பது ஹனிவெல் எச்டிஎஃப் 7000 குடும்ப எஞ்சின். அந்த ஒரு வழங்குநர் தடுமாறினால் நடுத்தர ஜெட் சந்தையின் பெரும்பகுதி தடுமாறும். எஞ்சினுக்குள் போகும் வார்ப்புகள், அடித்து உருவாக்கும் பெரிய உலோகத் துண்டுகள் போன்றவற்றைச் செய்யக்கூடிய ஆலைகள் உலகிலேயே மிகச் சில. டைட்டானியத்தில் ரஷ்யாவின் விஎஸ்எம்பிஓ பெரிய வழங்குநர். 2024 பெப்ரவரியில் கனடா அதன்மேல் தடை போட்டுவிட்டு, விமான நிறுவனங்களுக்கு விலக்கும் கொடுக்கவேண்டி வந்தது. 2025 பெப்ரவரியில் பென்சில்வேனியாவில் எஸ்பிஎஸ் என்ற ஆணி, திருகு செய்யும் ஆலை எரிந்தது. விமானத்துக்கான திருகாணியை வேறு கடையில் வாங்கிப் போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் பொருளின் மூலம், வெப்பப் பதனிடல், சோதனை எல்லாவற்றுக்கும் பத்திரம் வேண்டும். புதிய வழங்குநர் ஒருவரைத் தகுதிப்படுத்தவே மாதங்கள் போகும்.

ஃபல்கன் வரலாறு இதற்கு மிகக் கூர்மையான பாடம். டசோ ஃபல்கன் 5எக்ஸ் விமானத்தை சஃப்ரான் நிறுவனத்தின் சில்வர்கிரெஸ்ட் எஞ்சினை நம்பி வடிவமைத்தது. எஞ்சின் சரிவரவில்லை, 2017 டிசம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. வேறு எஞ்சினோடு 6எக்ஸ் என்று மீண்டும் தொடங்கிச் சேவைக்கு வர 2023 நவம்பர் ஆனது. அடுத்ததான 10எக்ஸ் 2025 இறுதிக்கென்று அறிவிக்கப்பட்டு 2027க்குத் தள்ளிப்போனது. 2024இல் 31 விமானம் மட்டும் கையளித்த நிறுவனத்துக்கு இப்படி ஒரு தாமதம் பத்தாண்டுச் சந்தைப் பங்கையே மாற்றிவிடும்.

சந்தை எந்தத் திசையில் போகிறது என்று அறிய, கையளிப்பை விடக் கையிலுள்ள ஓடர்களின் பெறுமதியே நல்ல அளவுகோல். 2024 முடிவில் கல்ஃப்ஸ்ட்ரீமை உள்ளடக்கிய ஜெனரல் டைனமிக்ஸ் விமானப் பிரிவிடம் 19.7 பில்லியன் டொலர், பொம்பார்டியரிடம் 14.4, டெக்ஸ்ட்ரன் விமானப் பிரிவிடம் 7.8, எம்ப்ராயர் வணிக ஜெட் பிரிவிடம் 7.4 பில்லியன். இதை வருட வருமானத்தால் வகுத்தால் எத்தனை வருட வேலை கையில் இருக்கிறது என்று தெரியும். பொம்பார்டியரின் 2024 வருமானம் சுமார் 8.7 பில்லியன், அதில் திருத்தச் சேவை மட்டும் 2 பில்லியன். சேவையைக் கழித்துவிட்டு வகுத்தால் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் வரும். சேவை வருமானத்தைக் கழிக்காமல் வகுத்தால் 1.7 வருடம் மாதிரிக் காட்டும். இந்த இடத்தில் மாணவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். எம்ப்ராயரில் இதே வகுத்தல் நான்கு வருடம் காட்டும். ஃபிளெக்ஸ்ஜெட் நிறுவனத்தின் 182 விமான ஓடர், 30 விமானங்களுக்கான விருப்ப உரிமையோடு, பல வருடங்களுக்குப் பரந்திருப்பது அதற்குக் காரணம். இதோடு, காலாண்டில் வந்த புதிய ஓடர்களை அந்தக் காலாண்டு விற்பனையால் வகுத்துப் பாருங்கள். 1க்கு மேல் தொடர்ந்து நின்றால் வரிசை நீளுகிறது, சில காலாண்டுகள் 1க்குக் கீழ் போனால் அடுத்த இரண்டு வருடத்தில் தொழிற்சாலை வேகம் குறையும்.

ஃபிளெக்ஸ்ஜெட், நெற்ஜெட்ஸ் போன்றவை பங்குமுறை நிறுவனங்கள். ஒரு விமானத்தின் பதினாறில் ஒரு பங்கை வாங்கி, வருடத்தில் இத்தனை மணி பறக்கலாம் என்ற ஏற்பாடு. வொரன் பஃபெற்றின் பேர்க்ஷயர் ஹதவேயிடம் இருக்கும் நெற்ஜெட்ஸ், 2023இல் டெக்ஸ்ட்ரனிடம் 15 வருடத்துக்கு 1,500 சைட்டேஷன் வரை வாங்கும் உரிமையைப் பெற்றது. இந்த எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். அது உரிமை, உறுதியான ஓடர் அல்ல. ஆனாலும் முன்பு தனி மனிதர்களின் மனநிலையில் ஆடிய சந்தைக்கு இப்போது பெரிய, முன்கூட்டித் திட்டமிடும் வாடிக்கையாளர் சிலர் இருக்கிறார்கள் என்பது உண்மையான மாற்றம்.

இனி முன்னறிவிப்பு. ஹனிவெல் ஒவ்வொரு வருடமும் விமான உரிமையாளர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிடும் பத்தாண்டு அறிக்கைதான் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. 2024 அறிக்கையின்படி அடுத்த பத்து ஆண்டுகளில் 8,500 புதிய ஜெட்கள், பெறுமதி 280 பில்லியன் டொலர். வருடத்துக்குச் சராசரி 850. அதாவது 2024ஐ விடப் பதினொரு வீதம் கூட. ஒரு விமானத்துக்குச் சராசரி 33 மில்லியன். வாங்குபவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவு வட அமெரிக்காவில். ஆசியாவின் பங்கு சிறியது, இலங்கை கணக்கிலேயே வராது.

இதை எவ்வளவு நம்பலாம்? இதே ஹனிவெல் 2008 ஒக்டோபரில், 2018 வரை சுமார் 17,000 ஜெட்கள் என்று சொன்னது. 2008 முதல் 2018 வரை காமா கணக்கிலுள்ள கையளிப்புகளைக் கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ 8,500. சொன்னதில் பாதி. கேட்கப்பட்ட ஆட்கள் பொய் சொல்லவில்லை, அன்று அவர்களுக்கு வாங்கும் எண்ணம் இருந்தது. ஆனால் எண்ணத்துக்கும் காசோலைக்கும் இடையில் ஒரு நிதி நெருக்கடி வந்தது. எஞ்சினும் கருவிகளும் விற்கும் நிறுவனம் ஒன்றின் அறிக்கை இது என்பதையும் ஆய்வுக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். இன்றைய 8,500 என்ற எண் ஏற்கனவே நடந்து காட்டிய அளவுக்குக் கிட்ட இருப்பதால் அதை எட்டமுடியும் என்றே நினைக்கிறேன். எண்ணிக்கை மெல்ல ஏறும், பெறுமதி அதைவிட விரைவாக ஏறும்.

அந்த ஏற்றத்துக்குத் துணைநிற்பதில் முக்கியமானது அமெரிக்க வரிச் சட்டம். 2017இல் வந்த சட்டத்தால் விமானம் வாங்கிய முதல் வருடமே விலை முழுவதையும் பெறுமானத் தேய்வாகக் கழிக்க முடிந்தது. 2023இல் அது 80 வீதம், 2024இல் 60 வீதம் என்று இறங்கி வந்தது. 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம், அவ்வாண்டு ஜனவரி 19க்குப் பிறகு வாங்கியவற்றுக்கு 100 வீதத்தை நிரந்தரமாகத் திருப்பிக் கொடுத்தது. விமானம் வியாபாரத்துக்குப் பாவிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மறுபக்கம் அதே அரசின் இறக்குமதித் தீர்வை. 2025 ஓகஸ்டில் சுவிஸ் பொருட்களுக்கு 39 வீதத் தீர்வை வந்ததும் பிலாட்டஸ் தன் ஜெட்களை அமெரிக்காவுக்குக் கையளிப்பதைச் சில காலம் நிறுத்திவைத்தது.

பாவித்த ஜெட்களின் இருப்பை மறக்கவேண்டாம். 2022 தொடக்கத்தில் மொத்தத்தில் 3, 4 வீதமே விற்பனைக்கு இருந்தது. ஆட்கள் பார்க்காமலே வாங்கினார்கள். பிறகு அது வழமையான நிலையை நோக்கி ஏறியிருக்கிறது. 10 வீதத்தைத் தாண்டினால் புதிய ஓடர்கள் பாதிக்கப்படும் என்பது தொழிலிலுள்ளவர்கள் வைத்திருக்கும் எல்லைக்கோடு. இளம் விமானங்களின் இருப்பைத் தனியாகப் பாருங்கள். முப்பது வருடப் பழைய விமானம் பத்து விற்பனைக்கு வந்தாலும் புதிய விமானம் வாங்குபவர் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ரொறன்ரோவில் உறவு இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு என்பதால் ஒரு வார்த்தை. குளோபல் ஜெட்கள் இப்போது பொருத்தப்படுவது அந்த நகரின் பியர்சன் விமானநிலையத்தோடு ஒட்டிய புதிய தொழிற்சாலையில். 2024இல் டவுன்ஸ்வியூவிலிருந்து இடம் மாறியது. விமானத் திருத்துநர் படிப்பை நினைக்கும் பிள்ளைகள் கையளிப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். திருத்த வேலை, பறந்த மணித்தியாலங்களையும் ஏற்கனவே பறக்கும் விமானத் தொகையையும் பொறுத்தது. புதிய விமானம் குறைந்த வருடத்திலும் அது இருக்கும். ஒரு நாட்டு உரிமம் இன்னொரு நாட்டில் அப்படியே செல்லாது என்பதால், எந்த நாட்டில் வேலை செய்யப்போகிறார்கள் என்று முடிவுசெய்த பிறகே பாடநெறிக்குக் காசு கட்டவேண்டும்.

கடைசியாகப் பலாலி. யாழ்ப்பாண சர்வதேச விமானநிலையம் 2019 ஒக்டோபர் 17இல் திறக்கப்பட்டது. பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை 1,400 மீட்டர் அளவு. சென்னையிலிருந்து ஏடிஆர் 72 வருவதற்கு அது போதும். குளோபல் 7500க்கு முழு எடையில் கிளம்ப ஏறத்தாழ 1,770 மீட்டர் வேண்டும், ஜி700க்கு அதைவிடக் கூட. இவை இரண்டும் கணக்கிலேயே வராது. சலஞ்சர் 350க்கு 1,474, பிரேட்டர் 600க்கு 1,438. இவை இரண்டும் எரிபொருளைக் குறைத்தால் மட்டும் கிளம்பலாம். எம்ப்ராயரின் சிறிய ஜெட்டான பினம் 300ஈ 978 மீட்டரிலும், பிலாட்டஸ் பிசி-24 893 மீட்டரிலும் கிளம்பும்.

இந்த எண்களெல்லாம் கடல்மட்டம், 15 பாகை வெப்பம், உலர்ந்த ஓடுபாதை என்ற நிலைக்கானவை. பலாலி கடல்மட்டத்துக்கு அருகில்தான், ஆனால் பகலில் 32 பாகை. சூடான காற்று ஐதானது. இறக்கைக்குத் தூக்கும் விசையும் எஞ்சினுக்கு உந்துவிசையும் குறையும். பத்து முதல் இருபது வீதம் வரை தூரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு வாடகை விமானங்களுக்கு இன்னும் கடுமையான விதி: விமானக் கைநூலிலுள்ள இறங்கும் தூரம் ஓடுபாதையின் 60 வீதத்துக்குள் அடங்கவேண்டும். 1,400இல் 60 வீதம் 840 மீட்டர். பினம் 300ஈ 674 மீட்டரில் நிற்கும், பிசி-24ம் இந்த எல்லைக்குள் வரும். மாரி மழையில் நனைந்த ஓடுபாதைக்கு இன்னும் 15 வீதம் கூட்டவேண்டும், அப்போது பினம் 300ஈ 775 அளவு, அதுவும் அடங்கும். ஆகவே இன்றைய பலாலிக்கு முழு எடையில் பொருத்தமானவை சிறிய ஜெட்கள் மட்டும். நடுத்தர ஜெட்டில் எரிபொருளைக் குறைக்காமல் வர நினைப்பவர் கொழும்புக்கு அருகில் 1,833 மீட்டர் ஓடுபாதையுள்ள இரத்மலானையில் இறங்கி, அங்கிருந்து வேறு வழியில்தான் வடக்கே வரவேண்டும். 2019 முதல் பேசப்பட்டுவரும் நீட்டிப்பு முடிந்து ஓடுபாதை 2,300 மீட்டரானால், மேலே சொன்ன எல்லா விமானமும் 32 பாகையிலும் வந்து போகலாம்.